பதில் மணி

சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் வடிவு அடித்த முதல் மணிக்குப் பதில் பின்னாலிருந்து வரவில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிற மனுஷன் மணி மட்டும் அடித்துவிடுவாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜப்பானின் மேற்குக் கடற்கரை ஓரமாக இரண்டு சைக்கிள்களில் வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள், பாளையங்கோட்டைக்காரர்கள், அவள் முன்னால், புருஷன் ஆவுடையப்பன் பின்னால். இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் மலை, இரண்டுக்கும் நடுவில் பிழைத்துப் போங்கள் என்று விட்டுவைத்த மாதிரி ஒரு சாலை. அந்தச் சாலைக்கும் இடம் கொடுக்காமல் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடங்களில் இந்த ஊர்க்காரர்கள் மலையைக் குடைந்து வழி பண்ணியிருக்கிறார்கள். நேற்று வரைக்கும் பார்த்ததெல்லாம் சின்னச் சின்னச் சுரங்கங்கள், நுழையும்போதே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்துவிடும். இது அப்படியில்லை. வாசல் பலகையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் என்று கண்டிருந்தது. உள்ளே வளைவு வேறு. மஞ்சள் விளக்குகள் வரிசையாகப் போய் எங்கோ திரும்பின. ஈரச் சுவரின் வாசனை, டீசல் புகை, கையுறைக்குள்ளும் நுழைகிற குளிர். வெள்ளைக் கோட்டுக்கும் சுவரோரத்து மேட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம், அதற்குள்தான் சக்கரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். டனலுக்குள் என்ன ஆனாலும் நிற்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, எதுவானாலும் வெளியே போய்த்தான் என்பது அவர் போட்ட சட்டம். சட்டம் போடுவதற்கு அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் போகட்டும் என்று ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

இந்த மணிப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும், சாயங்காலமானால் சொந்தக்காரர்கள் யாராவது வந்து உட்கார்ந்துகொண்டு, காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விசேஷம் ஏதும் உண்டா என்று அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்ட காலம். ஒருநாள் தெருமுனையில் அத்தையின் குரல் கேட்டதும் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு, தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளையும் இரவல் வாங்கி வந்து, ஏறுட்டி என்றார். திருச்செந்தூர் ரோட்டில் கால் கடுக்கும் வரை போய்விட்டு இருட்டின பிறகு திரும்பினார்கள். பூட்டைப் பார்த்துவிட்டு அத்தை போய்விட்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம் விடவே இல்லை. பிள்ளை வரவில்லை, சைக்கிள் வந்தது. மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி என்று கடலை விட்டு விலகாமல் போனார்கள், கேள்வி கேட்க ஆள் இல்லாத ரோடாகப் பார்த்து. விளக்கில்லாத ரோட்டில் முன்னால் போகிறவளைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட அவருக்குக் கூச்சம். அவளுக்கோ புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமே கிடையாது, ஆபீஸில் யாராவது கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவாள், இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தியா என்று சிரிப்பார்கள். அதனால் மணி. அவள் ஒரு தடவை அடித்தால் இருக்கீங்களா என்று அர்த்தம், அவர் ஒரு தடவை அடித்தால் இருக்கேன் என்று அர்த்தம், அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு பேச்சு நின்ற நாட்கள் எத்தனையோ உண்டு, ஒரே வீட்டுக்குள் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு ஆளுக்கொரு அறையில் இருந்த நாட்கள். அப்படிப்பட்ட நாட்களிலும் வண்டியில் ஏறிவிட்டால் அவள் அடித்த மணிக்கு அவர் பதில் அடிக்காமல் இருந்ததில்லை. இதை நினைத்ததும் மனசு அங்கேயே மாட்டிக்கொண்டது. இருந்ததில்லையே, எந்தச் சண்டையிலும் இருந்ததில்லையே என்று கால்கள் மிதித்துக்கொண்டிருக்க, உள்ளே அது மட்டும் நகராமல் நின்றது.

இரண்டாவது மணியை அடித்தாள். நல்ல சத்தம், சுவரில் பட்டு முன்னும் பின்னும் ஓடியது. உப்புக் காற்றில் அவளுடைய மணி இறுகிப்போய், கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று செத்த சத்தம்தான் இரண்டு நாளாக வந்துகொண்டிருந்தது. விடிகாலையில் முழிப்புத் தட்டி விடுதி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் கொட்டகையில் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார், நெற்றியில் விளக்கு, கையில் ஸ்பேனர். எண்ணெய் போட்டிருப்பார். முந்தின நாள் அவ்வளவு பேச்சு வாங்கிய பிறகும் அவள் மணிக்கு எண்ணெய் போடத் தோன்றியிருக்கிறது. அந்த மனுஷனைத்தான் கிளம்பும்போது அப்படிச் சொன்னாள். இல்லை, இப்போது அதை நினைக்க வேண்டாம். பின்னாலிருந்து ஏதோ சத்தம் கிளம்பியது, மணியாக இருக்கும் என்று காதைக் கொடுத்தாள், மணியாக இல்லை, லாரி. சுரங்கத்துக்குள் லாரி வருவது முதலில் காதுக்குத் தெரிவதில்லை, பல்லுக்குத் தெரிகிறது. ஹேண்டில்பார் கண்ணாடியில் இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு சைக்கிளின் நிழல் தெரிய வேண்டும் என்று பார்த்தாள், கண் கூசியதுதான் மிச்சம். லாரி தோளை உரசுகிற மாதிரி கடந்து போனது, அது இழுத்துக்கொண்டு போன காற்றில் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நிலைக்கு வந்தது. லாரிச் சத்தத்தில் அவர் அடித்திருப்பார், கேட்டிருக்காது. அப்படித்தான் இருக்கும். லாரி போன பிறகு இன்னொரு தடவை அடிக்கத் தெரியாதா அவருக்கு என்று அதே மனசு உடனே திருப்பிக் கேட்டது. சுவரில் பச்சை விளக்கு எரிகிற ஒரு பெட்டி கடந்து போயிற்று, அதன்மேல் டெலிபோன் படம். ஆபத்துக்குப் பேசுகிற போன். அதை எடுத்தால் என்ன பாஷையில் என்னத்தைச் சொல்வது, நன்றியும் மன்னிக்கணுமும் தவிர அவளுக்கு ஜப்பான் பாஷையில் ஒன்றும் தெரியாது.

எல்லாம் அந்த மாத்திரை அட்டையில் வந்த வினை. நேற்றுச் சாயங்காலம் கடையில் வாங்கிய வெள்ளைச் சோற்றில் போட்டுப் பிசைய ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியைத் தேடி அவர் பையைத் துழாவினாள். கையில் வந்தது நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. நெஞ்சு வலித்தால் மட்டும் வைக்க வேண்டியது. கிளம்பும்போது அட்டை முழுசாக இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள்தான் வைத்தாள். இப்போது மூன்று குழி காலி. ஊரில் டாக்டர் ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துவிடலாம் என்றபோது இவர் ஜப்பான் போயிட்டு வந்து பாப்போம் சார் என்றார், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி. டாக்டர் அவளைப் பார்த்தார். அப்போது அவள் வாயைத் திறந்து முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அவளுக்கும் ஆசை இருந்தது, அதுதான் உண்மை. படத்தில் பார்த்த இந்தக் கடல், இந்த ரோடு, யாரும் எதுவும் கேட்காத ஊர். நெஞ்சில் ஒரு சின்னப் பிடிப்பு என்றாலும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள், அவரும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார்.

"எப்பப் போட்டிய இத?"

"எப்பவோ."

"மூணும் எப்பவோவா? எந்தலயில கைய வச்சுட்டு எதுக்கு மறைச்சிய?"

"சொன்னா நீ வண்டிய நிப்பாட்டிருவ. ஊருக்குப் போவோம்ப. இன்னும் கொஞ்ச தூரந்தானட்டி."

கொஞ்ச தூரம். எதற்குக் கொஞ்ச தூரம் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் பேசினாள், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலையில் பைகளைக் கட்டும்போது மாத்திரை அட்டையை எடுத்துத் தன் முன்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இது என்கிட்ட இருக்கட்டும். வேணும்னா வாயத் தொறந்து கேட்டு வாங்கிக்கிடுங்க. அப்பயாவது வலிக்குன்னு எனக்குத் தெரியும்லா" என்றாள். அவர் வச்சுக்கோ என்றார், அவ்வளவுதான். அந்த வச்சுக்கோதான் அவளை வெறி பிடிக்க வைத்தது. "வீம்புதான் பெருசுன்னா இங்கனயே கெடந்து சாவுங்க. நான் ஒத்தையில ஊருக்குப் போயிக்கிடுதேன்." வாயிலிருந்து வந்துவிட்டது. விடுதிக்காரர் ரப்பர் பூட்சோடு பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ நல்ல வார்த்தை பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பேருக்கும் குனிந்து கும்பிட்டார். அவளும் அதே வாயால் சிரித்துக்கொண்டு குனிந்தாள். ஆவுடையப்பன் ஹெல்மெட் வாரை மாட்டினார், அவர் விரல் ஒரு தடவை வழுக்கி மறுபடியும் மாட்டியது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் வண்டியில் ஏறி முன்னால் போனாள்.

மாத்திரை அட்டை அவளிடம் இருக்கிறது. இதோ, முழங்காலுக்கு மேலே ஆடுகிற இந்தப் பைக்குள். இது இவ்வளவு நேரமும் தெரிந்த விஷயம்தான், ஆனால் இந்த இருட்டுக்குள் இப்போதுதான் அது முழுசாக விளங்கியது. அவருக்கு இப்போது வலித்தால் வைக்க ஒன்றுமில்லை. வலித்தால் கூப்பிட மாட்டாரா. கூப்பிட மாட்டார், வீம்பு. கூப்பிட்டால்தான் கேட்குமா, லாரிக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிதான். இல்லை, ஒன்றும் ஆகியிருக்காது, இதோ பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறார், உதட்டைக் கடித்துக்கொண்டு, இவளுக்குப் புத்தி வரட்டும் என்று. நிறுத்திப் பார்த்துவிடலாமா. நிறுத்தினால் பின்னால் வருகிற வண்டிக்காரனுக்கு இவள் இருப்பதே தெரியாது, அவர் சொல்லிச் சொல்லி வைத்ததுதான், நிறுத்துகிறவன் தானும் சாவான் பின்னால் வருகிறவனையும் சாகடிப்பான் என்று. சாவு, சாவு. அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல்லே இல்லையா தமிழில். காலையில் எத்தனையோ வசவு வந்திருக்கலாம் வாயில், கட்டையில போறவனேகூட வந்திருக்கலாம், அதிலும் சாவுதான் இருக்கிறது. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் பெண்டாட்டியை எருமைமாடே என்று திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார், அந்த அம்மாள் பிறகு ரொம்ப நாள் அதையே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்து அழுதாள். கடைசி வார்த்தை என்று தெரிந்தா பேசுகிறோம். வடிவு மூன்றாவது மணியை அடித்தாள், உடனே நாலாவதையும் அடித்தாள். அப்படி இரண்டு சேர்த்து அடிப்பதற்கு அவர்களுக்குள் அர்த்தமே கிடையாது.

காதை விரித்து வைத்துக்கொண்டு மிதித்தாள். தண்ணீர் சொட்டுகிற சத்தம், செயின் சத்தம், தன் மூச்சு. இப்போது லாரிகூட இல்லை, கண்ணாடியில் வளைவுச் சுவர் மட்டும். நன்றாகக் கேட்டிருக்க வேண்டிய நேரம், ஒன்றும் வரவில்லை. பயம் ஒரு அளவுக்கு மேல் போக முடியாமல் அந்த இடத்தில் கோபமாகத் திரும்பியது, அவளுக்கு எப்போதும் அப்படித்தான். சரி. தெரிந்துதான் செய்கிறார். நான்கு தடவை அடித்தாயிற்று, இதற்கு மேல் கெஞ்ச வேண்டுமா. கல்யாணமான நாளிலிருந்து யார் முதலில் பேசுவது, யார் முதலில் இறங்கி வருவது, எப்போதும் இவள்தான். பிள்ளையில்லை என்று மருந்து மாத்திரை, கோயில் கோயிலாக நடை, எல்லாம் இவளுக்குத்தான், பரிசோதனைக்கு வாங்க என்று ஒரு நாள் கேட்டதற்குப் பத்து நாள் மௌனம். அந்த மௌனத்தை உடைத்ததும் இவள்தான், காப்பியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்து. இன்றைக்கு முடியாது. நீங்கள் அடிக்காவிட்டால் நானும் அடிக்க மாட்டேன். இப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒரு சூடு பரவியது, அது நன்றாகவே இருந்தது. கட்டைவிரலை மணியிலிருந்து எடுத்துக் கைப்பிடிக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். கியரை மாற்றிக்கொண்டு வேகமாகவே மிதித்தாள். வளைவு முடிந்து தூரத்தில் வெளிச்சம் வெள்ளையாக ஒரு பொட்டு அளவு தெரிந்தது, பிறகு தட்டளவு, பிறகு வாசல்.

வெளியே வந்ததும் கடல் காற்று முகத்தில் அடித்தது. சாலை சற்று அகன்று வண்டிகள் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருந்தார்கள். கம்பித் தடுப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுரங்க வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வரட்டும், வந்து அவராகப் பேசட்டும். கடல் சாம்பல் நிறத்தில் பாறைகள்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உவரிக் கடல்போலக் கத்தாமல் வாயை மூடிக்கொண்டு அடிக்கிற கடல், இதுவும் இவர் மாதிரிதான். பின்னால் ஒரு வெள்ளை வேன் வெளியே வந்து போயிற்று. ஒரு கார். மீன் பெட்டி ஏற்றிய சின்ன லாரி. விரல்கள் மரத்துப் போயிருந்தன, தடிமனான கையுறைகளைக் கழற்றி வாயால் ஊதினாள். தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபோது ஹேண்டில்பாரில் முன்பைக்குப் பின்னால் மறைந்திருந்த மணி கண்ணில் பட்டது. பித்தளை மணி. மேலே ஒரு பக்கம் நசுங்கல், உவரியில் மணலில் சரிந்து விழுந்தபோது பட்டது. அவளுடைய மணி கறுப்பு, சின்னது. இது வண்ணார்பேட்டைக் கடையில் வாங்கியது, வண்டி எத்தனை மாறினாலும் அவர் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொள்கிற மணி. தண்ணீர் பாட்டிலைப் பிடித்த கை அப்படியே நின்றது. விடிகாலையில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து அவர் எண்ணெய் போடவில்லை. தன் மணியைக் கழற்றி இவளுக்கு மாட்டியிருக்கிறார். அவர் வண்டியில் மணி கிடையாது. சுரங்கத்துக்குள் இவள் அவருடைய மணியை அடித்து அடித்து அவரிடமே பதில் கேட்டிருக்கிறாள். வீம்பில்லை. அடிக்க அவரிடம் ஒன்றுமில்லை. அப்படியானால் அவர் எந்த இடத்திலிருந்து பின்னால் இல்லை என்பதே இவளுக்குத் தெரியாது. மணியும் இவளிடம், மாத்திரையும் இவளிடம். சுரங்க வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கார் வந்தது, அதற்குப் பின்னால் யாரும் வரவில்லை.

முன்பையின் ஜிப் பாதியில் சிக்கியது, பிய்த்துத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எதிரே வருகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தலாம் என்றுகூடத் தோன்றவில்லை. சுவரோரமாக ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மேடு ஒன்று இருந்தது, அதில் ஏறி ஓடினாள், ஐம்பத்து நாலு வயதில் மிதிக்கத் தெரிந்த கால்களுக்கு ஓடத் தெரியவில்லை. ஏங்க, ஏங்க என்று கத்தினாள். ஏங்க என்பது யாரை வேண்டுமானாலும் கூப்பிடுகிற சொல்தானே, அந்தச் சுவர்களுக்கு அது யாரென்று எப்படித் தெரியும். விளக்கு, இருட்டு, விளக்கு. ஒவ்வொரு விளக்குக்கு அடியிலும் கீழே கிடக்கிற மாதிரி ஏதோ தெரிந்தது, கிட்டப் போனால் ஈரக் கறை. சாவுங்க என்று சொன்னோமே, இங்கனயே என்று இடத்தையும் காட்டிச் சொன்னோமே, இந்த இடம்தானா அது, ஒத்தையில ஊருக்குப் போயிக்கிடுதேன் என்றோமே, எந்த ஊருக்கு, அவர் இல்லாத வீட்டில் எந்தக் கதவைத் திறந்து எங்கே உட்கார. இனி பேச மாட்டேன், எதுவும் பேச மாட்டேன், திரும்பிப் பேசட்டும், திட்டட்டும், சுவரைப் பார்த்து உட்காரட்டும், உட்கார்ந்தால் போதும். மூச்சு முட்டி நின்றபோது அவள் வாய் தானாகத் திறந்து, "ஆவுடையப்பன்" என்று கத்தியது. முப்பது வருஷத்தில் முதல் தடவை. யாரோ வேறு ஒருத்தி கூப்பிட்ட மாதிரி இருந்தது. சுவர் அதைத் திருப்பி அவளிடமே சொன்னது. மறுபடியும் கத்தினாள், கத்திக்கொண்டே நடந்தாள்.

வளைவைத் தாண்டி, வெகுதூரம் உள்ளே, அந்தப் பச்சை விளக்குப் பெட்டிக்கு அடியில் மேட்டின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. முகம் முழுக்க வேர்வை, உதட்டில் நிறம் இல்லை, ஒரு கை நெஞ்சின்மேல், இன்னொரு கை பின்சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள். வடிவு முழங்கால் போட்டு உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள், முதல் மாத்திரை கீழே விழுந்தது, இரண்டாவதைத்தான் வைக்க முடிந்தது. எழுந்து போனை எடுத்தாள். ஒரு ஆண் குரல் என்னவோ கேட்டது. ஹஸ்பெண்ட் என்றாள், ஹார்ட் என்றாள், அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை, "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குய்யா, சீக்கிரம் வாங்கய்யா" என்று தமிழில் அழுதாள். அந்தக் குரல் சரி சரி என்கிற மாதிரி ஹை, ஹை என்றது, பிறகு ஆம்புலன்ஸ் என்பதுபோல ஒரு சொல்லை நீட்டி நீட்டி இரண்டு தடவை சொன்னது. போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வண்டிகள் வருவது நின்றது, வாசலில் தடுத்துவிட்டார்கள்போல. சுரங்கம் முழுக்க அப்படி ஒரு அமைதி வந்தது.

"கைக்கு எட்டுற தூரத்துல போன் இருக்கு. எடுக்கலாம்லா?"

"எடுத்து என்னன்னு சொல்ல." அவர் பக்கத்தில் இருந்தும் குரல் தூரமாகக் கேட்டது. "நீ வருவேன்னு பாத்தேன்."

"பேசாதீங்க."

"ஒன் பெல்லக் கழத்தும்போதே ஒடஞ்சுபோச்சு. முன்னால போறது நீதான, அதான் என்னுத மாட்டுனேன். காலைல சொல்லணும்னுதான் இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அதுக்குள்ள பேச்சு வந்துட்டு."

அவள் அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், அது சூடாகவே இல்லை.

"நீ அடிச்சது எல்லாம் கேட்டுது. நானும் அடிச்சேன்."

"எத அடிச்சிய?"

சக்கரத்துக்குள் இருந்த விரலால் ஒரு கம்பியைச் சுண்டினார். ணிங் என்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது, வண்டிக்குக் கம்பி முறுக்கம் பார்க்கும்போது சுண்டுவாரே, அந்தச் சத்தம். ஒரு முழத்துக்கு அப்பால் கேட்காது. இங்கே வந்து உட்கார்ந்த பிறகு இவள் அடித்த ஒவ்வொரு மணிக்கும் அவர் இதைச் சுண்டியிருக்கிறார். இருக்கேன் என்று.

"அப்புறம் நிப்பாட்டிட்ட" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். "போயிட்ட போலன்னு நெனச்சேன்."

கட்டைவிரலை எடுத்துக் கைப்பிடிக்குக் கீழே வைத்துக்கொண்டதும், அப்போது நெஞ்சுக்குள் பரவிய சூடும், அது நன்றாக இருந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிவிட வாயெடுத்தாள், வரவில்லை. காலையில் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் ஒரு சொல் வரவில்லை. சட்டைப்பையில் பூட்டுச் சாவி இருந்தது. அதை எடுத்து அவர் சைக்கிளின் ஹேண்டில்பாரில், மணி இருந்த இடத்தில் வெளிறிப்போயிருந்த தடத்தின்மேல் ஒரு தடவை தட்டினாள். அமைதியில் அது தெளிவாகக் கேட்டது. காத்திருந்தாள். அவர் விரல் அசைந்து ஒரு கம்பி ணிங்கென்றது. மறுபடியும் ஒரு தடவை தட்டினாள். இந்தத் தடவை பதில் வரத் தாமதமானது, வந்தது, முதலில் வந்ததைவிடச் சின்னதாக. மூன்றாவது தட்டும்போது சுரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்து சைரன் சத்தம் கிளம்பிச் சுவரெல்லாம் நிறைந்துகொண்டு வந்தது. கம்பி ஒலித்ததா இல்லையா என்று அவளுக்குக் கேட்கவில்லை. அவள் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.